பங்குனி வெயிலில் ஹீட்டர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஒரு பங்குனி மாதம் நான் அப்படித்தான் ஓட்டினேன். நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருக்கும். வெளியிலிருந்து தார்ச்சாலையின் அனல் வரும். உள்ளே டேஷ்போர்டின் அடியிலிருந்து ஹீட்டரின் அனல் வரும். இரண்டும் என் அக்கா கணவரின் முழங்காலில் வந்து சேரும். அவர் முன்சீட்டில், மடியில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தத் தண்ணீர் காருக்கு. அவர் அதைக் குடிக்கக் கூடாது.

அவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்தில் டயாலிசிஸ். இரண்டு முறைக்கு நடுவில் உடம்புக்குள் போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. காலில் இறங்கும், பிறகு நுரையீரலில் ஏறும். ஆகவே ஒரு நாளுக்கான தண்ணீரை அக்கா காலையிலேயே ஒரு சொம்பில் ஊற்றி வைத்துவிடுவார். ரசம், மோர், மாத்திரைக்கு ஒரு மடக்கு, எல்லாம் அதில் அடக்கம். வெயில் காலத்தில் அந்தச் சொம்பு மத்தியானத்துக்கு முன்பே காலியாகிவிடும். அதற்குப் பிறகு அவர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, தெருவில் யாராவது வாசலுக்குத் தண்ணீர் தெளித்தால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் அரசுப் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் எனக்கு வேலை, மாலையில்தான் தொடங்கும். கார் ஓட்டத் தெரிந்தவள், காலையில் சும்மா இருப்பவள் என்ற இரண்டு தகுதிகளால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. கார் நான் பழையதாக வாங்கிய சின்ன வண்டி. அதைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது.

"எடிட்டரம்மா, இது காரா, சோப்பு டப்பாவா? என் பஸ்ஸுல டூல்ஸ் பெட்டியே இதைவிடப் பெருசு."

"அப்ப பஸ்ஸுலயே போலாம் மாமா. இப்பவே ஸ்டாண்டுல எறக்கி விடறேன்."

பஸ்ஸில் போக அவர் சம்மதிக்கவில்லை. காரணத்தை ஒரே ஒரு முறை சொன்னார். "இந்த ரூட்டுல ஓட்டுறவன் பாதிப் பேரு எனக்குத் தெரிஞ்சவன். என்னைப் பார்த்துட்டு டீக்கடைல போய் 'பாவம்யா'ன்னு சொல்லுவான். அதைக் கேக்கறதுக்கு நான் தவழ்ந்தே விழுப்புரம் போயிடுவேன்." வாடகைக் கார் ஒன்றை ஏற்பாடு செய்தோம். திரும்பி வரும்போது அவர் வாந்தி எடுத்தார். அடுத்த வாரம் அந்த டிரைவர் போனை எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது நானும் சோப்பு டப்பாவும்தான்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது டேஷ்போர்டில் இன்ஜின் வெப்பமானியின் முள் மேலேறியது. அதுவரை அந்த முள்ளை நான் கவனித்ததே இல்லை. நடுவுக்குச் சற்றுக் கீழே எப்போதும் படுத்திருக்கும். அன்று அது எழுந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. போனட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. ஓரம் கட்டி, போனட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடிமேல் துணியைப் போட்டேன்.

"கைய எடு!" என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார். அவ்வளவு பெரிய குரலை அவரிடம் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. "இப்பத் தெறந்தா மூஞ்சி வெந்துடும். ஆறட்டும். இன்ஜினு ஆறாம தண்ணி ஊத்தாத."

ஆறும்வரை காத்திருந்தோம். தண்ணீர் ஊற்றினோம். போய்ச் சேர்ந்தபோது அவருடைய படுக்கை அடுத்தவருக்குப் போயிருந்தது. அங்கே விதி அது: நேரத்துக்கு வராவிட்டால் இடம் காத்திருக்காது. சாயங்கால முறையில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் அவரால் சாய்ந்து உட்கார முடியவில்லை. முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்தார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வண்டி இன்னொரு தடவை நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விதான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அந்த முள்ளைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போனது. காரைப் பற்றிப் பல வீடியோக்களைப் பார்த்தேன். அதில் ஒருவர் சொன்னார்: இன்ஜின் சூடேறினால் ஹீட்டரைப் போடுங்கள், இன்ஜினில் இருக்கும் வெப்பத்தை அது இழுத்து வெளியே விடும். அடுத்த பயணத்தில் முள் அசைந்தவுடன், ஏசி பொத்தானுக்குப் பக்கத்தில் நான் தொட்டே இராத அந்தக் கம்பியை நீல முனையிலிருந்து சிவப்பு முனைக்குத் தள்ளினேன். சூடான காற்று வந்தது. முள் இறங்கியது.

"எடிட்டரம்மா, கால்ல இன்னாத்தயோ கொளுத்திட்ட."

"ஹீட்டர் மாமா. இன்ஜின் சூட்ட எடுக்குது."

"எடுத்து எனக்குக் குடுக்குது. பஸ்ஸுல இன்ஜினு பக்கத்துல உக்காந்து வெந்தது பத்தாதுன்னு ரிட்டயர்டு ஆன பொறவும் தேடி வருது பாரு."

முள் இறங்கிய பிறகு ஹீட்டரை நிறுத்தும் தைரியம் எனக்கு வரவில்லை. கிளம்பும்போதே போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் கம்பியை நீல முனைக்குத் தள்ளிவிடுவேன். திண்டிவனத்தில் பங்குனி மாதம் ஹீட்டர் போட்ட காரை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

மெக்கானிக்கின் ஷெட் செஞ்சி சாலையில் இருந்தது. அவர் ஹோஸ் பைப்களை அழுத்திப் பார்த்தார், கிளிப்புகளை முடுக்கினார், ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அதன் ரப்பரை நகத்தால் கீறினார். "அப்பளம் மாதிரி காஞ்சி போச்சி. இதான்." புது மூடி போட்டார். இனிப் பிரச்சினை இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். ஆனால் அடுத்த பயணம் முடிந்து ரேடியேட்டரின் ரிசர்வ் டப்பாவைப் பார்த்தால் அது காலி. ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்திருந்தது. மறுபடி ஷெட். அவர் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். ஒரு சொட்டு குறையவில்லை.

"எங்கிட்ட வந்தா நல்லாத்தாங்க கீது. உங்ககிட்ட வந்தாத்தான் அதுக்குக் காய்ச்சல் வருது."

"அப்ப தண்ணி எங்க போவுது?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்."

கடைசியில் அவர் ஹெட் கேஸ்கட் என்ற சொல்லைச் சொன்னார். இன்ஜினுக்குள்ளேயே தண்ணீர் கசிந்து எரிந்து போகலாம். அதைப் பார்க்க இன்ஜினைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் வண்டி ஒரு வாரத்துக்கு மேல் ஷெட்டில் கிடக்கும். அந்தக் கோளாறு இருந்தால் புகை வெள்ளையாக வரும், ஆயில் மோர் மாதிரி ஆகிவிடும் என்றார். புகையைப் பார்த்தேன், வெள்ளை இல்லை. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் ஆயிலாகவே இருந்தது. ஆனாலும் நாளை அப்படி ஆகாது என்று சொல்ல அவரும் தயாராக இல்லை. பழுது பார்க்க வண்டியை விட முடியாது. விடாவிட்டால் எந்தச் செவ்வாய், எந்த வெள்ளி நிற்கும் என்று தெரியாது. தண்ணீர் குறைந்ததால் ஹீட்டரைப் போட்டேன். எதனால் குறைகிறது என்று தெரியாததால் ஹீட்டரை நிறுத்தவில்லை.

இதே நாட்களில் மருத்துவமனையில் வேறொரு கணக்கு இடித்தது. படுக்கையில் ஏறுமுன் எடை பார்ப்பார்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் கூடியது முழுக்கத் தண்ணீர்தான். அவருக்கு அது அனுமதித்ததைவிடக் கூடிக்கொண்டே வந்தது.

"ஐயா, தண்ணி குடிக்கிறீங்க," என்றார் நர்ஸ்.

"சொம்புத் தண்ணிதான் சிஸ்டர்."

"மெஷின் பொய் சொல்லாது ஐயா."

அன்று வாந்திக்காக அவர் காலடியில் விரித்திருந்த பழைய நாளிதழை எடுக்கும்போது அது ஈரமாக இருந்ததை அக்கா பார்த்தார். அடியிலிருந்த தரைவிரிப்பும் ஈரம். மடியில் இருந்த பாட்டிலின் அளவைப் பார்த்தார். நான் வழியில் ரேடியேட்டருக்கு ஊற்றியிருந்ததால் அது எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. போதுமான சாட்சியம் கிடைத்துவிட்டது.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப கால்ல எப்படி ஈரம்? குடிக்கும்போது வண்டி குலுங்கி ஊத்திக்கினீங்க."

"ஏய், முப்பது வருசம் ஸ்டியரிங்கு புடிச்ச கை இது. குடிச்சா ஒரு சொட்டு கீழ வுழாது."

"பாத்தியாடி? குடிக்கறதுல எவ்ளோ தெறமைன்னு அவரே சொல்றாரு."

"இல்லன்னு சொல்றேன்ல! முன்கண்ணாடியத் தொட்டுப் பாரு, பிசுபிசுன்னு கீது. வண்டிக்குள்ள வெல்லம் காய்ச்சுற மாதிரி வாசனை வேற. அதைக் கேளு உன் தங்கச்சிகிட்ட. என்னயே புடிச்சிக்கினு."

கண்ணாடியில் ஒரு மங்கல் படர்ந்திருந்தது உண்மைதான். தூசி என்று துடைத்துவிட்டேன். வாசனை எனக்கும் வந்தது. சாலையில் கரும்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கரும்பாலை வழியில் இருந்தது. அந்தப் பருவத்தில் அந்தச் சாலையில் இனிப்பு வாசனை செய்தியே இல்லை.

பாட்டில் பின்சீட்டுக்கு, அக்காவின் காலடிக்குப் போனது. அதற்குப் பிறகு காருக்குள் பேச்சு குறைந்தது. அவர் வெளியே பார்த்தபடி வருவார். பேரணி தாண்டினால் ரயில்பாதைப் பக்கம் பம்ப்செட்டில் தண்ணீர் கொட்டும். கழுத்தைத் திருப்பி, மறையும்வரை பார்ப்பார். அக்கா முன்னால் தொங்கும் கண்ணாடி வழியாக அவரைப் பார்ப்பார். நான் முள்ளைப் பார்ப்பேன்.

மெக்கானிக் கடைசியாக ஒரு வழி சொன்னார். பழைய கூலன்ட் கலந்திருந்த தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு நல்ல பச்சை நிறக் கூலன்ட் நிரப்பினார். "நைட்டு வண்டிக்கு அடியில பேப்பரு விரிச்சி வெய்ங்க. பச்சை எங்க வுழுதோ அங்க லீக்கு." பேப்பருக்கு என்னிடம் பஞ்சமில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்து, இன்ஜினுக்கு அடியில் நான்கு பக்கமும் பரப்பினேன். காலையில் போய்ப் பார்த்தபோது எங்கள் முந்தைய நாள் பதிப்பு எந்தக் கறையும் இல்லாமல், முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம்வரை உலர்ந்து கிடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. முந்தைய செவ்வாய்க்குப் பிறகு அவர் உடம்பு ஊதியிருந்தது. செருப்பின் வார் காலில் ஏறவில்லை. அந்தப் பேப்பரில் ஒன்றையே மடித்து அக்கா அவர் காலடியில் விரித்தார். கிளம்பினோம்.

கூட்டேரிப்பட்டு தாண்டிச் சற்றுத் தூரத்தில் வண்டிகள் நின்றன. முன்னால் கரும்பு டிராக்டர் கவிழ்ந்துவிட்டதாக எதிரே நடந்து வந்தவர் சொன்னார். எங்களுக்கு இடப்பக்கம் ஒரு டேங்கர், வலப்பக்கம் சாலைத் தடுப்பு, பின்னால் மணல் லாரி. கதவை முழுக்கத் திறக்கக்கூட இடமில்லை. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. முள் நடுவைத் தாண்டியது. இப்போது ஹீட்டர் அதை இறக்கவில்லை.

"இன்ஜின ஆஃப் பண்ணு," என்றார் அவர். சொல்லி முடிக்க இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

நிறுத்தினேன். காற்றும் நின்றது. அவர் முன்னால் குனிந்து டேஷ்போர்டில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வரும், ஆனால் நெரிசலுக்கு அந்தப் பக்கம்வரைதான் வர முடியும் என்றார்கள். அக்கா விசிற எதையாவது தேடி, குனிந்து, அவர் காலடிப் பேப்பரை உருவினார்.

பேப்பர் விசிறவில்லை. தொங்கியது. அதன் ஓரத்திலிருந்து ஒரு துளி என் கைமேல் விழுந்தது. பச்சை.

பாட்டில் பின்சீட்டில் மூடி திறக்காமல் இருந்தது. அதில் இருந்தது வெறும் தண்ணீர். அந்தப் பச்சை காரில் இருந்த ஒரே இடம் இன்ஜின். இன்ஜினுக்கு அடியில் விரித்தபோது விழாத பச்சை, அவர் காலடியில் விழுந்திருந்தது. மெக்கானிக்கை அழைத்தேன்.

"டேஷ்போர்டுக்கு உள்ள இன்ஜின் தண்ணி வருமா?"

"அங்க எதுக்குங்க வரப் போவுது?" கொஞ்சம் யோசித்தார். "ஹீட்டருக்கு வரும். உள்ள ஒரு சின்ன ரேடியேட்டரு கீது. கம்பியச் செவப்புல வெச்சாத்தான் வால்வு தொறந்து தண்ணி உள்ள வரும். ஆனா நம்ம ஊருல யாருங்க ஹீட்டரு போடறாங்க?"

"நான் போடறேன்."

"எத்தினி நாளா?"

"மாசியிலருந்து."

ஸ்பேனரைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு, "மொதல்ல அத்த மூடுங்க," என்றார்.

கம்பியை நீல முனைக்குத் தள்ளினேன். ரேடியேட்டர் மூடி மாற்றிய நாளோடு காரின் பழைய நோய் தீர்ந்திருந்தது. அதற்குப் பின் போன தண்ணீர் முழுவதும் நான் போட்ட மருந்தின் வழியாகப் போயிருக்கிறது. ஷெட்டிலும் வீட்டிலும் கம்பி நீலத்தில் இருந்ததால்தான் ஒரு சொட்டும் விழவில்லை. இதைத் தெரிந்துகொண்டதால் அந்த நிமிடத்தில் எந்தப் பயனும் இல்லை. இன்ஜின் ஆற நேரம் வேண்டும். அவருக்கு அந்த நேரம் இல்லை.

அப்போது சர்வீஸ் சாலையில் போலீஸ்காரர் பஸ்களை மட்டும் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தார். டேங்கருக்கு அப்பால் ஒரு அரசுப் பஸ் ஊர்ந்து வந்தது. நான் பக்கவாட்டில் உடம்பைத் திருகி வெளியே வந்து, டேங்கரைச் சுற்றி ஓடிக் கையைக் காட்டினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார். என் கை காட்டிய திசையைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

"யோவ், நம்ம அண்ணன் தான அது?" பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார். காருக்குள் குனிந்தார். அக்கா சொன்னதைக் கேட்டார். எங்கள் மூவருக்கும் பயமாக இருந்த அந்தப் 'பாவம்' வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"இன்னாண்ணே," என்றார் அவர், "பிரேக்கு அடிக்கத் தெரியலன்னு என்னைத் தெனம் திட்டுவியே. நீ இப்ப தீப்பெட்டிக்குள்ள வந்து உக்காந்துகினு கீற. டிப்போல சொன்னா நம்புவானுங்களா?"

மாமா நெற்றியை எடுத்தார். "தீப்பெட்டி இல்லடா. சோப்பு டப்பா." மூச்சு வாங்கியது. "இன்னும் நீ... கிளட்ச்சு மேலயே... கால வெச்சிக்கினுதான ஓட்டுற?"

"வந்து பாரு. ஜல்தி ஏறு."

அவரும் கண்டக்டருமாகச் சேர்ந்து மாமாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள். டேங்கருக்கும் காருக்கும் நடுவில் இருந்த சந்தில் மூன்று பேர் நடக்க முடியாது. ஒருவர் பின்னால் ஒருவராக, அவர் கையை முன்னால் ஒருவர் பிடிக்க, இடுப்பைப் பின்னால் ஒருவர் பிடிக்கப் போனார்கள். அவரை இன்ஜினுக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார வைத்தார்கள். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. அக்கா ஏறினார். கிளம்பும் முன் கண்டக்டர் பஸ்ஸிலிருந்து ஒரு கேன் தண்ணீரை என்னிடம் இறக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு நானும் காரும் மட்டும் இருந்தோம். வெயில் கூரையில் அடித்தது. ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தேன், கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி தொட்டேன். ஆறியதும் கேனையும் பாட்டிலையும் ஊற்றினேன். வழி விட்டபோது ஹீட்டர் இல்லாமல், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினேன். நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து படுத்தது. விழுப்புரம்வரை அசையவில்லை.

வார்டில் அவர் மெஷினோடு இணைக்கப்பட்டிருந்தார். நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பஸ்ஸை மருத்துவமனைக்கு நேராகவே நிறுத்தியிருக்கிறார்கள். மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. நர்ஸ் எடைச் சீட்டோடு நின்றார்.

"ஐயா, இன்னிக்கும் ஜாஸ்தி."

"பஸ்ஸுல டிரைவரு கோலி சோடா வாங்கிக் குடுத்தான். ரெண்டு வாய் குடிச்சேன். அத்த வேணா எழுதிக்குங்க."

நான் ஈரப் பேப்பரைப் பற்றிச் சொன்னேன். அக்கா தன் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். "அப்ப பாட்டில்ல குடிக்கலயா நீங்க?"

"நான் சொன்னா யாரு கேட்டீங்க? ஒரு பேப்பரு சொன்னாத்தான் கேப்பீங்க."

அக்கா டோக்கன் வாங்க வெளியே போனதும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"எடிட்டரம்மா. தாகம் எடுத்தா வாய் கொப்பளிச்சித் துப்பலாம்னு டாக்டரு சொன்னாரு இல்ல?"

"ஆமா மாமா."

"கொப்பளிச்சா கொஞ்சம் உள்ள போவாதா? நீயே சொல்லு."

"ஒரு நாளைக்கு எத்தினி தடவை கொப்பளிக்கிறீங்க?"

அவர் முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டார். குழாயில் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

மெக்கானிக் ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்து முடிச்சுப் போட்டதுபோல் வளைத்துவிட்டார். இனி அந்தக் கம்பியை எந்தப் பக்கம் தள்ளினாலும் எதுவும் நடக்காது. ஹெட் கேஸ்கட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தரைவிரிப்பைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டேன். தண்ணீராக இருந்தால் அந்த வெயிலுக்கு ஒரே நாளில் காய்ந்திருக்கும். ஆனால் கூலன்ட் வாரம் முழுக்கப் பிசுபிசுத்தது, வெல்ல வாசனையும் அதிலிருந்துதான் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். பஸ்ஸில் போகலாமா என்று அக்கா கேட்டார். ஒரு தடவை ஏறினால் போதும் என்று அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஹீட்டர் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. முள் தன் இடத்தில் கிடந்தது. நான் பார்ப்பதை நிறுத்தவில்லை. பேரணி தாண்டும்போது அவர் பம்ப்செட் பக்கம் திரும்பவில்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் இரண்டு பாதங்களுக்கு நடுவில் பாட்டில் நின்றது, கழுத்துவரை நிரம்பி.

"வண்டிக்குத்தான் இனிமே தண்ணி வேணாமே," என்றார். "அப்புறம் அது யாருக்கு?"

"வண்டிக்குத்தான்," என்றார் அக்கா. காலை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்டார்.